‘இளைப்பாறுகிறார்’ என்று எழுதிய கடிதம்

முதலில் உடைந்தது ஆசீர்வாதத்தில். ஒன்றரை மணி நேரப் பிரசங்கம் ஒழுங்காகப் போயிற்று. கடைசியில் கையை உயர்த்தி ஆசீர்வாதம் கூறும்போது குரல் பாதியில் நின்றது. காற்று வந்தது, சத்தம் வரவில்லை. உருக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது என்று நினைத்துச் சபையார் கண்ணைத் துடைத்தார்கள். நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தாராவியில் தகரக் கூரை போட்ட நீளமான ஓர் அறையில் நாற்பது குடும்பங்களுக்குப் போதகராக இருந்தேன். மைக் வாங்கலாமா என்று கேட்டவர்களிடம், மைக் என்பது குரல் இல்லாதவனுக்கு என்று சொன்னவன் நான். வேதாகமக் கல்லூரியில் படித்த செந்தமிழும் கணீரென்ற குரலும் இருக்கும்போது எனக்கு வேறென்ன வேண்டும்?

இதே நோயில் கிடக்கும் சபை ஊழியர்களுக்கும் அவர்கள் மனைவிமாருக்கும் இதை எழுதுகிறேன். ஆறுதலை எதிர்பார்த்து வாசிக்காதீர்கள். ஆறுதல் சொல்ல உங்கள் வாசலுக்கு ஆட்கள் வருவார்கள். அவர்களை எப்படித் தாங்குவது என்பதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான்.

இரண்டு மாதம் இஞ்சிச் சாற்றிலும் உப்புநீரிலும் கழிந்தது. சாயங்காலம் ஆனால் உடம்பு கதகதவென்று காயும். எச்சில் விழுங்கினால் முள் குத்தும். சட்டைக் காலர் தளர்ந்தது. என் மனைவி எஸ்தர்தான் ஒருநாள் கையைப் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே காது மூக்கு தொண்டைப் பிரிவில் ஒரு பெண் டாக்டர். மாட்டுங்காக்காரர். நீண்ட கம்பியின் முனையில் பொருத்திய சின்னக் கண்ணாடியைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். மார்பு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு சொன்னார்: குரல்வளைக் காசநோய் (நுரையீரலில் தொடங்கும் டி.பி. கிருமி, குரல் நாண்கள் இருக்கும் இடத்தையும் புண்ணாக்குவது).

“என்ன வேலை பண்றேள்?”

“பிரசங்கம்,” என்றேன். அந்தச் சொல்லே பாதிதான் வெளியே வந்தது.

“ஊசியும் மாத்திரையும் நான் தரேன். வாயை மூடிண்டு இருக்கறது உங்க பொறுப்பு. மூணு மாசம் பேசப்படாது. ரகசியம் பேசற மாதிரியும் கூடாது, அது தொண்டைக்கு இன்னும் சிரமம். ஒரு சிலேட்டு வாங்கிக்கோங்கோ.”

“ஞாயிற்றுக்கிழமை மட்டும்...”

“ஞாயித்துக்கிழமைக்குன்னு வேற தொண்டை வச்சுண்டிருக்கேளா?”

எஸ்தர் சிரித்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது. அதை எழுத அப்போது சிலேட்டுகூட இல்லை.

தினமும் இடுப்பில் ஓர் ஊசி. அதனால் தலை லேசாகச் சுற்றும், காதில் ரீங்காரம் கேட்கும். கேட்டால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு மாத்திரை சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும். அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். மருந்தை நிறுத்தாமல் எடுத்தால் சில வாரங்களில் நோய் பிறருக்குத் தொற்றாத நிலைக்கு வரும் என்றார் டாக்டர். இதையெல்லாம் என் சக ஊழியர்களுக்குச் செய்தியாகச் சொல்லியனுப்பினேன். அவர்கள் காதில் அது காசநோய் என்ற வார்த்தையோடு நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்துத் தமிழ்ச் சபைப் போதகர்களுக்கு ஊழியர் ஐக்கியம் என்று ஒன்று இருந்தது. மாதத்தின் முதல் திங்கள் செம்பூரில் கூடுவோம். தாராவி, வடாலா, தேவ்நார், சுனாபட்டி என்று பன்னிரண்டு பேர். ஜெபம், சமோசா, தேநீர், அந்த மாதம் வராதவர்களைப் பற்றிய பேச்சு. ஒருவருக்கொருவர் தோள்கொடுக்க ஏற்பட்டது என்று அதன் விதிகளில் எழுதியிருந்தோம். அந்த வாசகம் நான் எழுதியது.

நான் கேட்டது ஒன்றுதான். மூன்று மாதம் என் பிரசங்க மேடையில் யாராவது மாறி மாறி வந்து நில்லுங்கள். நீங்கள் நின்றால் நான் வாயை மூடியிருப்பேன், என் குரல் பிழைக்கும். ஐக்கியத் தலைவர், செம்பூர் போதகர், பதில் சொல்லியனுப்பினார்: “பாரத்தோடு ஜெபிக்கிறோம்.”

பாரம் என்ற இந்தச் சொல்லைச் சபைக்கு வெளியே இருப்பவர்களுக்கு விளக்க வேண்டும். பிறருடைய கஷ்டத்தை நெஞ்சில் சுமந்து ஜெபிப்பது என்று பொருள். நடைமுறையில், நாங்கள் வரமாட்டோம் என்பதை மரியாதையாகச் சொல்ல ஊழியர்கள் வைத்திருக்கும் சொல். கை வலிக்காத சுமை அது.

ஒருவர் மட்டும் வந்தார். தேவ்நார் போதகர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்றபடியே, ஏதாவது மறைத்த பாவம் இருந்தால் அறிக்கையிடும்படி கேட்டுக்கொண்டார். சிலேட்டில் நான் எழுதியதைப் படித்துவிட்டு உடனே கிளம்பினார். அதை இங்கே எழுதுவதற்கில்லை.

முதல் ஞாயிறு சபையார் பாட்டுப் பாடிக் கலைந்தார்கள். இரண்டாம் ஞாயிறு பாதிப்பேர் வந்தார்கள். மூன்றாம் ஞாயிறு பொறுக்க முடியாமல் எழுந்து பத்து நிமிடம் பேசினேன். மறுநாள் சளியில் இரத்தக் கோடு. டாக்டர் கண்ணாடியை வெளியே எடுத்து, “இன்னொரு வாட்டி இப்படிப் பண்ணினா குரல் திரும்பாது. அப்பறம் எங்கிட்ட வராதேங்கோ,” என்றார். அன்று பேருந்தில் வரும்போது எனக்கு அழுகை வந்தது. சத்தமில்லாமல் அழுவதற்கும் பழக வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் எஸ்தர் ஐக்கியச் செயலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். ‘ஐயா ரெஸ்ட் எடுக்கிறார்’ என்று ஆரம்பித்தாள். ரெஸ்ட் என்பது ஒரு சொல்லா? அதை அடித்து, நான் என் கையால் ‘இளைப்பாறுகிறார்’ என்று திருத்தினேன். அடுத்த வரியில், ‘ஆராதனை நடத்த யாராவது வந்து உதவ வேண்டும்’ என்று எழுதச் சொன்னேன். டாக்டர் சொன்னது, மருந்து, எத்தனை ஞாயிறு என்பதெல்லாம் அதற்குக் கீழே.

செயலாளர் வடாலாவில் பிறந்து வளர்ந்தவர். இந்தி தண்ணீர்பட்ட பாடு. தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். ஆனால் சாவு அறிவிப்புகளை ஏராளமாகப் படித்திருக்கிறார். எங்கள் சபைகளில் யாரும் சாவதில்லை, கர்த்தருக்குள் இளைப்பாறுவார்கள். அடுத்த வரியில் ஆராதனை வேறு இருந்ததா, அது அடக்க ஆராதனை என்று எடுத்துக்கொண்டு கடிதத்தை மடித்துவிட்டார்.

புதன்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. “நான்தான் மூத்தவன், வீட்டு ஜெபம் நான். கல்லறையில நீங்க பேசுங்க,” என்று தலைவரின் குரல். “போன தடவையும் நீங்கதான பேசுனிய?” என்று தேவ்நார். கதவைத் திறந்தேன். எட்டுப் போதகர்கள், இரண்டு பேர் வெள்ளை அங்கியில், நடுவில் ஒரு மலர்வளையம். மூன்று வாரம் ஒரு ஞாயிறுக்கு ஓராள் கிடைக்கவில்லை. அடக்கத்துக்கு எட்டுப் பேர், வேலைநாளில், நேரத்துக்கு முன்பாகவே வந்து நின்றார்கள்.

கழுத்தில் தொங்கிய சிலேட்டை எடுத்து எழுதிக் காட்டினேன்: ‘இன்னும் இல்லை.’

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். “இளைப்பாறுகிறார்னு சாஃபா, தெளிவா போட்டிருக்கே, பாஸ்டர். ஆராதனைக்கு ஆள் வேணும்னும் இருக்கு. ஜல்தில கீழ படிக்கல.”

எஸ்தர் பின்னாலிருந்து வந்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. “இவிய கெடையில கெடந்தப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்கல. செத்துட்டாவன்னதும் எட்டுப் பேரு வந்துட்டிய. சரி, வந்தது வந்துட்டிய, வர்ற ஞாயித்துக்கெழம ஆரு வாரிய?”

தலைவர் வாசலில் நின்றபடி கண்ணை மூடி, பாரத்தோடு ஒரு ஜெபம் செய்தார். பத்து நிமிடத்தில் எல்லோரும் போய்விட்டார்கள். மலர்வளையத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார்கள்.

அரைமணி கழித்துத் தங்கராஜ் வந்தார். சுனாபட்டியில் பதினைந்து குடும்பங்களுக்கு ஊழியம் செய்பவர். கிழமைநாளில் தோல் பட்டறையில் மெஷின் ஓட்டுவார். கல்லூரி வாசலை மிதிக்காதவர், நாலாம் வகுப்புத் தமிழ். ‘அரைநாள் ஊழியர்’ என்று அவருக்குப் பட்டம் வைத்து ஐக்கியத்தைச் சிரிக்க வைத்தவன் நான்தான். ஒரு கையில் தூக்குச்சட்டி நிறையக் கஞ்சி, இன்னொரு கையில் துணிப்பை, பைக்குள் மாற்று லுங்கி. சுனாபட்டியிலிருந்து நடந்தே வந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்து அழுதார். அழுது முடித்துச் சிரித்தார். விடுப்பை அவர் இந்திக்காரர்போல் சுட்டி என்பார்.

“எஸ்தர் அம்மாவுக்கு ஒத்தாசையா இருக்கலாம்னு மூணு நாளு சுட்டி போட்டுட்டு வந்தேன், ஐயா. இப்பத் திரும்பிப் போயி சேட்டுகிட்ட என்னத்தச் சொல்ல? செத்தவரு எந்திரிச்சிட்டாருன்னா நம்புவானா? மூணு நாளும் இங்ஙனயே கெடக்கேன்.”

கிடந்தார். தண்ணீர் பிடித்தார், ஊசிக்கு என்னோடு வரிசையில் நின்றார், எஸ்தரை ஒரு மத்தியானம் முழுக்கத் தூங்க விட்டார். போகும்போது, “ஞாயித்துக்கெழம காலைல ஒம்பது மணிக்கு எங்க சபை முடிஞ்சிரும். பத்து மணிக்கு இங்க வந்துருதேன். பிரசங்கம் நீங்க எழுதிக் குடுங்க. எனக்குச் சொந்தமா ஒண்ணும் தெரியாது. வாசிச்சிருதேன்,” என்றார்.

எனக்கு அப்போது ஒரு பழைய திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. தன் மனைவி ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும், ஒரேயொரு ஞாயிறு யாராவது சுனாபட்டிக்கு வர முடியுமா என்றும் இவர் ஐக்கியத்தில் எழுந்து நின்று கேட்டார். “பாரத்தோடு ஜெபிக்கிறோம், தம்பி,” என்று முதலில் சொன்ன குரல் என்னுடையது. கணீரென்ற குரல். சொல்லிவிட்டுச் சமோசா எடுக்கப் போனேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஒத்திகை. அவர் வாசிப்பார், தவறினால் நான் சிலேட்டைத் தட்டுவேன். முதல் பக்கத்தில் இருபது தடவை தட்டினேன். அவர் கோபிக்கவில்லை. “இந்த வார்த்தை இல்லாட்டி என்ன, ஐயா? இதுக்குப் பதிலா ‘வீடு’ன்னே சொன்னா ஆவாதா?” என்பார். ‘வாசஸ்தலம்’ போயிற்று. ‘சம்பூரணம்’ போயிற்று. ஒன்றரை மணிப் பிரசங்கம் இருபது நிமிடமாக வற்றியது. ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் தோல் பட்டறைக்காரர் ஒருவர் என்னிடம் வந்து, “இப்பத்தான் ஐயா நீங்க சொல்லுதது எனக்கு வெளங்குது,” என்றார். பதினோரு வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

மூன்று மாதம் கழித்து டாக்டர் கண்ணாடியில் பார்த்து, “ஆறிண்டு வரது. மாத்திரையை நிறுத்திடாதேங்கோ. ஒரு நாளைக்கு அஞ்சு நிமிஷம் பேசலாம், அவ்வளவுதான்,” என்றார். பேசிப் பார்த்தேன். கணீரெல்லாம் இல்லை. கிழிந்த துணியை உதறுவதுபோல் ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு நாள் என்பது எனக்கு ஐந்து நிமிடம்தான். காலையிலேயே எண்ணிக்கொள்வேன்: எஸ்தருக்கு ஒரு நிமிடம், ஜெபத்துக்கு ஒன்று, மீதி மூன்று. வார்த்தை வாய்க்கு வருமுன் இது தேவையா என்று தொண்டை கேட்கும். பாதிக்கு மேல் தேவைப்படவில்லை.

அடுத்த முதல் திங்கள் செம்பூருக்குப் போனேன். மரித்தவன் திரும்பி வந்ததுபோல் தலைவர் கட்டிப்பிடித்தார். குணமானதை எல்லோர் முன்னும் சாட்சியாகச் சொல்லச் சொன்னார். மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டேன். காலையிலிருந்து வாய் திறக்காமல் ஐந்து நிமிடத்தையும் மிச்சம் வைத்திருந்தேன், இவர்களை நாலு கேள்வி கேட்பதற்கு.

செயலாளர் ஜெபக் குறிப்புகளை வாசித்தார். “சுனாபட்டி பிரதர் தங்கராஜ். சனிக்கிழமை மெஷின்ல கை மாட்டிக்கிச்சு.”

ஒத்திகைக்கும் மறுநாள் ஆராதனைக்கும் அவர் ஏன் வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முந்தின நாள் முழுக்க அவர்மேல் மனத்தாங்கலாக இருந்தேன்.

“பாரத்தோடு ஜெபிப்போம்,” என்று தலைவர் கண்ணை மூடினார்.

நான் எழுந்தேன். கேட்க வைத்திருந்த நாலும் மறந்து போயிற்று. “தங்கராஜ் வீடு எங்க?”

கண்ணைத் திறந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் நோட்டைப் புரட்டினார். அதில் சுனாபட்டி என்று மட்டும் இருந்தது. அங்கிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அவர்களைத் திட்ட வாயெடுத்து மூடிக்கொண்டேன். எனக்கும்தான் தெரியாது. அரைமணி நேரம் நடந்தால் அவர் ஊர். பதினோரு வருடம் இந்தப் பக்கம் இருந்திருக்கிறேன். சமோசா வருமுன் கிளம்பினேன்.

சுனாபட்டி ஸ்டேஷனில் இறங்கி, வெற்றிலைக் கடையில், தண்ணீர்க் குழாயடியில், தையல்காரரிடம் என்று கேட்டுக்கொண்டே போனேன். என் குரலுக்கு ஒவ்வொருவரிடமும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. கதவைக் கண்டுபிடித்தபோது என் ஐந்து நிமிடம் தீர்ந்திருந்தது. இருமினேன்.

“ஆரு, இளைப்பாறுனவியளா?” என்று உள்ளேயிருந்து கேட்டார். “உள்ள வாங்க ஐயா.”

வலது கை முழங்கை வரை கட்டுப் போட்டிருந்தது. கட்டிலை விட்டு எழப் பார்த்தார். தோளைத் தொட்டு உட்கார வைத்தேன். பையிலிருந்து மாற்று வேட்டியை எடுத்து ஓரமாக வைத்தேன். ஒரு மாதமாக எங்கே போனாலும் தங்கிவிட நேர்ந்தால் என்று எஸ்தர் மருந்தோடு அதையும் வைத்துவிடுவாள். பிறகு சிலேட்டில் எழுதி அவர் முன்னால் பிடித்தேன்.

‘மூணு நாள் சுட்டி.’

அவர் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தார். நான் தட்டவில்லை. அவர் முடிக்கும்வரை காத்திருந்தேன்.