கழுதைப் பாட்டு

குவைத்தில் வேலை கிடைத்து அம்மாவும் அப்பாவும் போனபோது, என்னையும் தம்பியையும் பாளையங்கோட்டையில் அத்தையிடம் விட்டுப் போனார்கள். கல்யாணமாகாத அத்தை, கணக்கு டீச்சர். காலையில் அவள் எங்களுக்குத் தோசை சுடும்போது, செல்போனில் ஓர் ஆங்கில ராக் பாட்டு அலறும். பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துவான். அத்தை தோசைத் திருப்பியால் தாளம் போடுவாள்.

"அந்த ஆளு எதுக்கு அத்தை இப்படிக் கத்துதான்?"

"ஏட்டி, அது கழுதைப் பாட்டுல்லா. மூட்டையைச் சுமந்துக்கிட்டு மலை ஏறுது. முதுகு வலிக்காதா?"

அப்படியே நம்பினேன். தன் வாழ்க்கையைச் சுமந்து அலுத்துப்போன ஒருவன், ஒரு பக்கமாவது யாரேனும் பிடியுங்கள் என்று கேட்கும் பாட்டு அது என்பது கல்லூரிக்குப் போனபிறகுதான் தெரிந்தது.

அந்த வருடம் எங்கள் காம்பவுண்டு கிறிஸ்மஸ் விழாவில் கழுதைப் பாட்டை நடித்துக்காட்டத் தீர்மானித்தேன். கழுதையாக மாட்டேன் என்று தம்பி அடம்பிடித்ததால் நான் கழுதை, அவன் மூட்டை.

விழா அன்று காலை பெரியப்பா வந்திருந்தார். அத்தைக்குப் பார்த்திருந்த பெங்களூர் மாப்பிள்ளை வீட்டில் முடிவு கேட்கிறார்களாம்.

"பிள்ளைகளை ஹாஸ்டல்ல சேத்துருவோம். தை மாசமே கல்யாணத்தை முடிச்சிரலாம்" என்றார்.

"சின்னவன் இன்னும் தனியாப் படுக்க மாட்டாண்ணே. வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள் அத்தை.

நான் அட்டையில் கழுதைக்காது வெட்டும் மும்முரத்தில் இருந்தேன்.

சாயங்காலம் மேடையில் பாட்டு அலறத் தொடங்கியதும் போதகரின் முகம் சுருங்கியது. தலையணை உறைக்குள் கால்விட்டிருந்த தம்பியை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தேன். பாதி மேடை தாண்டவில்லை. அவன் சரிய, நானும் விழுந்தேன். மூட்டை வாய்விட்டு அழுதது. கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. ஓடிவந்து எங்களைத் தூக்கிய அத்தையும் சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் நீர் கொட்டியது. நம் நடிப்பு அவ்வளவு நன்றாக இருந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

வீட்டுக்கு நடந்தோம். தம்பி அவள் தோளில் தூங்கிவிட்டான்.

"அந்தக் கழுதை மூட்டையைக் கீழ போட்டுட்டுப் போவ வேண்டியதுதான அத்தை?" என்று கேட்டேன்.

"போட்டா மூட்டை அழும்லா."

நிஜ மூட்டை எங்கேயாவது அழுமா? அத்தைக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று, அவள் கையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வீடுவரை சிரித்தபடி வந்தேன்.