தங்கச்சி மகள்

அம்மாவை வைத்துக்கொள்வது யார் என்று நானும் அண்ணனும் போட்ட சண்டை மயிலாப்பூரில் தொடங்கினால் அடையாறு வரை நீளும். நான் இந்தப் பக்கம், அவன் அந்தப் பக்கம். அவன் வீட்டில் இடமில்லை. என் வீட்டில் மாமியார். கடைசியில் ஊருக்கு வெளியே, வயதானவர்களுக்கென்று கட்டிய குடியிருப்பில் அம்மாவுக்கு ஓர் அறை பார்த்தோம். அதற்குப் பிறகாவது சண்டை ஓய்ந்ததா? பண்டிகைக்கு அம்மா யார் வீட்டுக்கு வருவாள் என்று புதிதாக ஆரம்பித்தது.

இந்த முறை அண்ணன் மகளுக்குப் புதுநன்மை. அதற்கு அம்மா வரமாட்டேன் என்கிறாளாம். அண்ணன் போனில் சொன்னதை நான் நம்பவே இல்லை. பேத்தி முதல்முதலாக நற்கருணை வாங்கும் பூசைக்கு அம்மாவாவது, வராமல் இருப்பதாவது! அண்ணி ஏதாவது சொல்லியிருப்பாள். நானே போய்க் கூட்டிவந்து, இரண்டு நாள் என் வீட்டில் வைத்துக்கொண்டு, அண்ணன் மூக்கை உடைப்பது என்று முடிவுகட்டி ஆட்டோ ஏறினேன்.

சொல்லாமல் போனது அதுதான் முதல் தடவை. "கிளம்புறப்போ போன் பண்ணு, நானே கேட்டுக்கு வர்றேன்" என்பாள் அம்மா எப்போதும். கேட்டிலேயே வண்டியில் ஏறி, பக்கத்து ஓட்டலில் காபி குடித்து, கேட்டிலேயே இறங்கிக்கொள்வாள். கால்வலியோடு எதற்கு இந்த உபசாரம் என்று நினைப்பேனே தவிர, வேறொன்றும் தோன்றியதில்லை.

அன்றைக்கு நான் நேராக உள்ளே போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் அம்மா மோர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்த அம்மாள், "யாரு டீச்சர்?" என்று கேட்டார்.

"என் தங்கச்சி மக," என்றாள் அம்மா.

"அப்படியா! டீச்சருக்குத்தான் பிள்ளைங்க இல்லையே. நீயாவது அப்பப்போ வந்து பாரும்மா."

அம்மாவுக்குத் தங்கையே கிடையாது.

அறைக் கதவைச் சாத்தியதும் கத்தினேன். "நாங்க என்ன செத்தா போயிட்டோம்? பொய் சொன்னா பாவம்னு ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்குடுத்தவதானே நீ?"

"மெதுவா பேசு," என்றாள். "இங்க எல்லார் பிள்ளையும் அமெரிக்கா, சிங்கப்பூர். அவங்களை யாரும் எதுவும் கேக்கறதில்லை. என் பிள்ளைங்க இதே ஊருன்னு சொன்னா, அப்ப நீங்க ஏன் இங்கேன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்ல? பிள்ளை இல்லைன்னா, ஐயோ பாவம்னு விட்டுடறாங்க."

பிள்ளையில்லாதவள் என்ற பேச்சுக்கு நம் பெண்கள் எப்படித் துடித்துப்போவார்கள்! இவள் அதைக் கேட்டு வாங்கி வைத்திருக்கிறாள். கட்டிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"இந்தப் பொய்யை ஃபாதர்கிட்ட சொன்னியா?"

"ஒவ்வொரு பாவசங்கீர்த்தனத்துலயும் சொல்றேன். வெளிய வந்ததும் யாராவது கேட்டுடறாங்க."

"பூசைக்கு ஏன் வரமாட்டேங்கிற?"

"பேத்திக்குப் புதுநன்மைன்னு இவங்ககிட்ட சொல்லிட்டா கிளம்புறது? எது பேத்தி?"

"பூசையெல்லாம் விடு. இப்பவே கிளம்பு, இனிமே என்கூடவே இரு."

"உன் மாமியாரை எங்க அனுப்புவே?"

குத்திக்காட்டவில்லை, நிஜமாகவே கேட்டாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கேட்டுவரை கூடவே வந்தாள். சாப்பாட்டுக் கூடத்து அம்மாள் அங்கே காற்று வாங்கிக்கொண்டு நின்றிருந்தார். "கிளம்பிட்டியாம்மா? உங்க அம்மா எங்க இருக்காங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இவ அம்மா தவறிட்டா."

சொல்லிவிட்டு, எப்போதும் போலக் கட்டைவிரலால் என் நெற்றியில் சிலுவை போட்டாள்.

"வரேன், பெரியம்மா," என்றேன்.