இர்ரெசிஸ்டிபிள் என்றால் என்னங்க?

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால், காந்திபுரத்தில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில், பதினான்கு பேர் முன்னிலையில் ஒரு மனிதர் தன் மனசைத் திறந்து காட்டிவிட்டார். அதுவும் இங்கிலீஷில்!

நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் போகிறேன். நாற்பத்திரண்டு வயசில் எதற்கு என்கிறீர்களா? ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது... அதற்குத் தமிழ் தெரியவில்லை.

எங்கள் மிஸ்ஸுக்கு இருபத்தைந்து வயசு இருந்தால் அதிகம். வாரம் ஒரு வார்த்தை தருவார். அதற்கு முந்தின ஞாயிறு தந்தது — இர்ரெசிஸ்டிபிள்.

"அப்படின்னா என்னங்க மிஸ்?" என்றேன்.

"வேண்டாம் வேண்டாம்னு மனசுக்குள்ள சொல்லிட்டே இருப்பீங்க. கை அதுபாட்டுக்கு எடுத்துப்போடும். அதுதானுங்க. ஒரு வாரம் எல்லா இடத்துலயும் சொல்லிப் பழகுங்க."

பழகினேன். பேக்கரியில் தேங்காய் பன்னைப் பார்த்துச் சொன்னேன். ஜவுளிக்கடையில் மாம்பழக் கலர் சேலையைப் பார்த்துச் சொன்னேன். "இல்லீங்கக்கா, இது சாதா காட்டனுங்க" என்றார் சேல்ஸ்மேன். வீட்டில் கணவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டுச் சொன்னேன்.

"உப்புக் கம்மின்னா நேரா சொல்லிப்போடு" என்றார் அவர்.

அடுத்த ஞாயிறு, ஆளுக்கொரு வாக்கியம் சொல்ல வேண்டும். அல்வா, ஊட்டி, ஐஸ்கிரீம் என்று வரிசையாகப் போய், சேவியரிடம் வந்தது.

சேவியர் வால்பாறை எஸ்டேட் ஆபீஸில் கிளார்க். அப்பா, அம்மா இருவரும் தேயிலை பறித்தவர்கள். வாராவாரம் அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் இறங்கி வருவார். கோர்ஸை முடித்து சர்டிஃபிகேட்டும் வாங்கியவர், மறுபடியும் முதல் பாடத்திலிருந்து சேர்ந்திருந்தார். ஏன் என்று எங்களுக்குப் புரியவே இல்லை.

எழுந்தார். தொண்டையைச் செருமினார்.

"தேவகி இஸ் இர்ரெசிஸ்டிபிள்."

எல்லோர் தலையும் என் பக்கமாகத் திரும்பியது.

தேவகி என் பக்கத்து நாற்காலி. பம்ப் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். கணவர் இறந்து ஆறு வருஷம். நாலாம் வகுப்புப் படிக்கிற மகளோடு அண்ணன் வீட்டில் இருக்கிறாள். இன்னொரு கல்யாணம் என்று யார் ஆரம்பித்தாலும், "வேண்டாமுங்க" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

முகம் சிவந்து எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. நோட்டைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

"டு ஹூம்?"

"டு மீ" என்றார் சேவியர். "ஒரு வருஷமா... டு மீ."

மிஸ் கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது. நான் கைதட்டிவிட்டேன். சத்தியமாக, நானாகத் தட்டவில்லை!

"மறுத்துச் சொல்ல முடியாதுங்கறதுதானே அர்த்தம்?" என்றாள் தேவகி. "யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லலாமில்லீங்க?"

"தாராளமா யோசிங்க. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வாரேன்" என்றார் அவர்.

அந்த வாரம் முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கேட்டது என்னவோ அவளை!

அவர் கும்பிடுவது மாதாவை. இவள் மாரியம்மனை. ஜாதியும் வேறு. விஷயத்தைச் சொன்னதும் அண்ணன் மூன்று நாள் அவளோடு பேசவில்லையாம். நாலாம் நாள் காபி குடிக்கும்போது, "அந்த ஆளு தண்ணி கிண்ணி போடுவாரா?" என்றாராம். "இல்லீங்கண்ணா" என்றிருக்கிறாள். "ஊட்டுக்கு வரச் சொல்லு. பாத்துப் பேசலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனாராம்.

போன ஞாயிறு மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள் தேவகி. அந்தக் குட்டி சேவியரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ல நெசமாவே யானை வருமா?" என்று கேட்டது.

"வாசல் வரைக்கும் வருமுங்க அம்மணி" என்றார் அவர். அவ்வளவுதான், அது போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது.

தேவகி எழுந்து நின்றாள். "ஐ ரெசிஸ்டட் ஃபார் ஒன் வீக்" என்றாள். பிறகு இங்கிலீஷ் தீர்ந்துபோய்விட்டது. "இனி முடியலீங்க..."

மிஸ் அழுதுகொண்டே, "கிராமர் கரெக்ட்" என்றார்.

பலகாரத்தைப் பார்த்ததும் வாய்விட்டுப் புகழ்ந்துவிடுகிறோம். மனுஷரைச் சொல்லத்தான் ஒரு வருஷம் மலையேறி இறங்க வேண்டியிருக்கிறது, இல்லையா?

விஷயம் எப்படியோ வெளியே பரவிவிட்டது. கிளாஸில் இந்த வாரம் புதிதாக எட்டுப் பேர் சேர்ந்திருக்கிறார்கள். எட்டும் பிரம்மச்சாரிகள்... இங்கிலீஷ் மேல் அப்படியொரு ஆர்வமாம்!