முள் காட்டிய எழுபது

எங்களுக்குக் கலியாணமான இரண்டாம் வருஷம் என் கணவர் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார். ஆண்கள் உடுக்கும் மருதமுனைக் கைத்தறிச் சாறன்களைக் கொழும்புக் கடைகளுக்கு அனுப்புகிற வியாபாரம் அவருக்கு. அதற்கு வேன் பார்க்கத்தான் மட்டக்களப்புக்குப் போனார். அங்கே வெளிநாடு போகவிருந்த ஒரு டொக்டரிடமிருந்து, இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரையில்லாத, பழைய சிவப்புக் காரை வாங்கிக்கொண்டு கல்முனையில் என் உம்மா வாப்பாவோடு நாங்கள் இருந்த வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

உம்மா காரை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சாறன் கட்டுகள எங்க மகன் வைக்கிற?"

அவர் டிக்கியைத் திறந்து காட்டினார். உள்ளே ஸ்பெயார் டயர் படுத்திருந்தது. வேறு ஒன்றுக்கும் இடமில்லை.

அந்தக் காரில் அவருக்கு உயிர் என்றால் அதன் வேகமானிதான். கறுப்பு வட்டத்தில், மணிக்கு எத்தனை மைல் என்று காட்டுகிற வெள்ளை முள். கடற்காற்று முகத்தில் அடிக்க, "பாரு புள்ள, எழுவது!" என்று காட்டுவார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வாப்பாவுக்கு இறக்காமத்தில் வயல் இருந்தது. ஒரு நாள் மாமனாரை வயலுக்குக் கூட்டிப்போக மருமகன் ஆசைப்பட்டார். வாப்பா தொப்பிக்கு மேலே துவாயைக் கட்டிக்கொண்டு ஏறினார். சாய்ந்தமருது தாண்டியதும் முள் அறுபதைத் தொட்டதாம்.

"மகன், அது அறுவதா?"

"ஓம் மாமா. அக்சிலேட்டர இன்னம் கொஞ்சம் அமத்தட்டா?"

வாப்பா, உயிர் பிரியும்போது சொல்லுகிற கலிமாவைச் சத்தமாகச் சொல்லத் தொடங்கிவிட்டார். காரைதீவுச் சந்தியில் இறங்கி, மிச்சத் தூரத்தை பஸ்ஸில் போனார். பின்னேரம் வந்து உம்மாவிடம், "கார் நல்ல கார்தான். எனக்குத்தான் இன்னம் கொஞ்சக் காலம் உசிரோட இரிக்க ஆசை" என்றார்.

காருக்கிருந்த மதிப்பு ஒரு மீன்காரரால் போயிற்று. நாங்கள் இருவரும் மருதமுனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். மீன் பெட்டி கட்டிய சைக்கிளில் ஒருவர் என் பக்கமாக வந்து, காருக்குச் சமமாகவே மிதித்தபடி, அண்ணன் முறையில் என் கணவரைக் கூப்பிட்டார்.

"என்ன காக்கா, கார் பழுதா? மெல்லமாப் போறீங்க?"

நான் முள்ளைப் பார்த்தேன். முப்பது. அவருடைய கால்களைப் பார்த்தேன். அவசரமே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார். பிறகு மணியை அடித்துவிட்டு எங்களை முந்திப் போனார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வீடு வந்ததும் என் கணவர் இறங்கி டயரை உதைத்துப் பார்த்தார்.

"முள்ளு பொய் சொல்லுது" என்றேன்.

"டயர் சின்னனா இரிக்கும், அதான் கூடச் சுத்துது" என்றார். டயர்க் கடையில் பார்த்தார்கள். டயர் சரியான அளவுதான்.

நான் பெண்கள் பள்ளிக்கூடமொன்றில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். முள்ளுக்குக் கீழே, ஓடிய மைல்களைக் காட்டுகிற சின்ன எண்கள் இருந்தன. கார்ச் சில்லோடு சேர்ந்து சுற்றுகிற ஒரே கம்பிதான் முள்ளையும் எண்களையும் இயக்குகிறது. எண்களும் கூட்டிக் காட்டினால் பிழை கீழே, சில்லிலோ கியர் பெட்டியிலோ இருக்க வேண்டும். எண்கள் சரியென்றால் பிழை முள்ளில் மட்டும்தான். இதை அவருக்கு விளங்கப்படுத்தினேன். "சரி, அளந்து பாப்பம்" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் தெற்கே புறப்பட்டோம். தெருவோரக் கற்களை நான் எண்ணினேன். நிந்தவூர்ப் பக்கம் எட்டாவது கல் வந்தது. மீட்டரில் ஐந்து மைல்தான் ஏறியிருந்தது.

"இதென்ன புதினம்? முள்ளு கூட்டிக் காட்டுது, எண் குறைச்சுக் காட்டுதே!" என்றார் அவர்.

திரும்பி வரும்போதும் எண்ணினோம். அதே எட்டு, அதே ஐந்து. அவருக்கு வெறுத்துவிட்டது. சோற்றைப் பிசைந்தபடியே, "வித்துப்போட்டா நல்லம்" என்றார். உம்மாவின் முகம் மலர்ந்தது. "மறுகா வேனொண்டு எடுப்பீங்களா மகன்?" என்று இன்னொரு துண்டு மீனை அவர் பீங்கானில் வைத்தார்.

திங்கட்கிழமை வகுப்பில் மைலைக் கிலோமீட்டராக்கும் கணக்கு. கரும்பலகையில் 'எட்டுக் கிலோமீட்டர், ஐந்து மைல்' என்று எழுதியதும் கை அப்படியே நின்றது. தெருவில் பழைய மைல்கற்களை எடுத்துவிட்டுக் கிலோமீட்டர்க் கற்களை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. வெள்ளையடித்த புதுக் கற்களை எண்ணினேனே தவிர, அவற்றில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவில்லை. கல்லென்றால் மைல்கல் என்றே நினைத்துவிட்டேன். சோக்கட்டியும் கையுமாக நின்று சிரித்தேன்.

"டீச்சர், கணக்குப் பிழையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"இல்ல புள்ள, கணக்குச் சரி. டீச்சர்தான் பிழை."

ஆக, எண்கள் சரி. முள்தான் குற்றவாளி. அன்று பின்னேரமே அவர் மீட்டரைக் கழற்றிக் குசினி மேசையில் வைத்தார். விளிம்பு வளையத்தைத் திருகிக் கண்ணாடியை எடுத்தோம். உள்ளே ஒரே எண்ணெய். மீட்டரைச் சரித்தால் வழிந்தது. அவர் அதை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"வாங்கின கிழம அது கீச்சுக் கீச்செண்டு கத்தினிச்சி. அதான் கம்பிக்குள்ள கொஞ்சம் எண்ணெய் உட்டன்."

"என்ன எண்ணெய்?"

"உன்ட தையல் மெசின் எண்ணெய்."

"எவ்வளவு?"

"போத்தல் முடியும் வரைக்கும்."

என் எண்ணெய்ப் போத்தல் எங்கே போனதென்று அப்போதுதான் தெரிந்தது. உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. அதை மூடினாற்போல முள்ளோடு சேர்ந்த ஒரு சின்னக் கிண்ணம். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது; காந்தத்தின் இழுப்பில் மட்டும்தான் முள் நகர வேண்டும். கம்பி சுழலச் சுழல எண்ணெய் மேலே ஏறி, அந்த இடைவெளியில் புகுந்து, முள்ளைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. பெற்றோலில் நனைத்த பஞ்சால் நான் துடைத்தேன். அவர் கம்பியை உருவித் துடைத்தார். எல்லாவற்றையும் இரவு முழுக்கக் காய விட்டோம்.

மறுநாள் அசர் தொழுதுவிட்டு வந்து காரை எடுத்தார். வழக்கமாக எழுபது காட்டுகிற வேகத்தில் முள் நாற்பதில் நின்றது.

"அப்ப இவ்வளவு நாளும் நான் நாப்பதிலயா பறந்த?"

"ஓம். ஆனா வடிவாத்தான் பறந்தீங்க."

அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே காலை அமத்தினார். உண்மையான அறுபது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. முக்காட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நானும் கலிமா சொன்னேன்.

வாப்பாவைச் சம்மதிக்க வைக்க ஒரு கிழமை எடுத்தது. முள் முப்பதுக்கு மேலே போகக்கூடாது என்ற நிபந்தனையோடு ஏறினார். வயல்வெளி வந்ததும், "மகன், முப்பதில பயமொண்டும் தெரியல்ல. கொஞ்சம் அமத்துங்க" என்றாராம். நாற்பதில் தொப்பி பறந்து வரம்புக்கு அப்பால் விழுந்தது. அன்று துவாய் கட்ட மறந்துவிட்டார். மாமனாரும் மருமகனும் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கித் தேடினார்கள். வீட்டுக்கு வந்தபோது இருவருக்கும் முழங்கால்வரை சேறு.

"நாப்பதில போனம்!" என்று வாப்பா வாசல் படலையில் நின்றே கத்தினார்.

மறுநாள் காலை என் கணவர் காரைக் கழுவி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது, நல்ல சேலை உடுத்து, முக்காட்டை இறுக்கி முடிந்தபடி, உம்மா முன் சீட்டில் ஏறி இருந்தார்.

"எங்க மாமி போவம்?"

"எங்கயும் வேணா மகன். நாப்பதுக்குப் போவம்."