எக்ஸ்ரே அக்காவின் ஐந்து படங்கள்

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." அக்கா இதைச் சொல்வது எதிரே நிற்கும் மரத்திடம். காற்று அடங்கும் வரை விரலைக் கேமராப் பொத்தான் மேல் வைத்துக் காத்திருப்பார். ஐந்து முறை அழுத்திய பிறகு, "விடுங்க" என்பார். அதற்கப்புறம் மரம் தாராளமாக ஆடிக்கொள்ளலாம்.

வாரத்தில் ஆறு நாள் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. தலைமை டாக்டருக்குக்கூட அவர் எக்ஸ்ரே அக்காதான். அங்கே அவர் படு சிக்கனம். ஒரு நெஞ்சுக்கு ஒரே படம். "ரெண்டாவது தடவ எடுத்தா தப்பு என்னோடது, தண்டனை அவங்க உடம்புக்கு" என்பார். பத்தொன்பது வருடங்களில் மறுபடி எடுத்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஞாயிறு விடியலில், ஊருக்குப் பின்னாலுள்ள பாறைக் குன்றில் ஏறிவிட்டால் அதே கை ஊதாரியாகிவிடும். கீழே தெரியும் ஏரியின் ஒரே காட்சிக்கு ஐந்து படம்.

"வானத்துக்குத் தோதா எடுத்தா ஏரி கரிக்கட்டை. ஏரிக்குத் தோதா எடுத்தா வானம் வெள்ளத்துணி. நம்ம கண்ணு ரெண்டையும் பாக்குது, கேமராவுக்கு அந்த சாமர்த்தியம் இல்ல. அதான் இருட்டுலேர்ந்து வெளிச்சம் வரைக்கும் படிப்படியா அஞ்சு எடுத்து, கம்ப்யூட்டர்ல ஒன்னா சேத்துடறேன்."

ஒவ்வொரு அழுத்தலுக்கும் வெளிச்ச அளவைக் கேமராவே மாற்றிக்கொள்ளும். ஐந்து முறை அழுத்துவதும், அதுவரை எதையும் அசையவிடாமல் பார்த்துக்கொள்வதும் அக்காவின் பாடு. எந்த ஐந்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பிறகு குழம்பாமலிருக்க, முதலில் விரித்த கையை லென்ஸுக்கு எதிரே காட்டி ஒரு படம் எடுப்பார். முடிந்ததும் மூடிய கையை ஒரு படம். கம்ப்யூட்டரைத் திறந்தால் திரும்பிய பக்கமெல்லாம் அவர் கைதான்.

அவரை ஸ்கூட்டரில் ஏற்றிவருவது அண்ணன் மனைவி. அண்ணிக்கு வாயும் சும்மா இருக்காது, காலும் சும்மா இருக்காது. போன வாரம் மேகம் விலகிய நேரம் பார்த்து அவர் போட்ட தும்மலில் கேமரா ஸ்டாண்டு ஆடி, ஏரிக்கரை இரண்டிரண்டாக விழுந்தது.

"அண்ணி, நீங்க அசைஞ்சா மலையே அசையுது."

"அப்ப என்னையும் கல்லோட கல்லா நட்டு வெச்சுடு."

இத்தனை பாடும் ஒரு வெற்றுச் சுவருக்காக. எக்ஸ்ரே, ஸ்கேன் அறைகளுக்கு எதிரே காத்திருப்பவர்கள் அந்தச் சுவரைப் பார்த்துப் பார்த்தே பயந்துபோகிறார்கள் என்று பதினோரு மாதமாகப் பேசி, தன் படத்தை மாட்ட அனுமதி வாங்கியிருந்தார் அக்கா. இந்தத் திங்கட்கிழமை கெடு. தவறினால் கடையில் அருவிப் படம் வாங்கி மாட்டப்போவதாக டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பொரிந்து தள்ளினார். "ஸ்கேனுக்காக முட்ட முட்டத் தண்ணி குடிச்சுட்டு உக்காந்திருக்கறவங்க முன்னால அருவியா? மனுஷன் தாங்குவானா?"

ஆகவே இந்த ஞாயிறுதான் கடைசி வாய்ப்பு. ஆறரை வரை மேகம் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தது. அக்கா நகத்தைக் கடித்துத் தீர்த்திருந்தார். பக்கத்துப் பாறையில் அண்ணி உட்கார்ந்திருந்தார். அப்புறம், கேட்காமலே திறந்தது. ஏரி முழுக்கச் செம்பொன். கரையோரக் கூரைகள் ஒவ்வொன்றாக விழித்தன. அக்காவுக்கு மேலெல்லாம் புல்லரித்தது. விரித்த கையை ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

"மூச்ச நல்லா இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க."

காற்று நின்றது. அழுத்தினார்.

"விடுங்க. முடிஞ்சது, எந்திரிங்க."

சந்தோஷத்தில் கை மருத்துவமனைப் பழக்கத்துக்கே போய்விட்டிருந்தது. ஒரே ஒரு படம். ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தக் கையை நீட்டியவர், அண்ணி இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதைக் கவனித்தார்.

அண்ணி பாறையில் உட்கார்ந்தபடியே இருந்தார். கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, விழி பிதுங்கியிருந்தது. வாயைத் திறந்தால் எங்கே பாறை ஆடிவிடுமோ என்று, நான்கு விரலை மட்டும் மெதுவாகத் தூக்கிக் காட்டினார்.

அக்காவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. திருகைத் தொடாமல் கையை இழுத்துக்கொண்டு அழுத்தினார். அண்ணியின் ஒரு விரல் மடங்கியது. மறுபடி அழுத்தினார், இன்னொன்று மடங்கியது. மேகம் ஏரியின் அக்கரையை மூடத் தொடங்கியிருந்தது. மூன்றாவது. நான்காவது.

விரல்கள் எல்லாம் மடங்கியாயிற்று. அப்போதும் மூச்சை விடாமல், அந்த மூடிய கையை அப்படியே கொண்டுபோய் லென்ஸுக்கு எதிரே பிடித்தார் அண்ணி.