மீன்தொட்டியில் நான்கு விரல் இடைவெளி

மூன்று மாதம் காத்திருந்து, நேற்றுத்தான் என் மீன்தொட்டியில் நத்தை முட்டையிட்டது. இந்த வகை நத்தை தண்ணீருக்கு மேலே, கண்ணாடியில் முட்டையை ஒட்டி வைக்கும். அதற்காகவே நான்கு விரல் இடைவெளி விட்டிருந்தேன்.

இன்று வேலை முடிந்து வந்து பார்த்தால், தொட்டி விளிம்புவரை நிறைந்திருக்கிறது. இளஞ்சிவப்பு முட்டைக் கொத்து தண்ணீருக்குள் கிடக்கிறது.

மனைவியின் அண்ணன் கதிரையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“தண்ணி குறைஞ்சு கிடந்தது மச்சான். பார்க்கப் பாவமா இருந்தது. காலமையே ரெண்டு வாளி ஊத்தி விட்டனான்.”

“முட்டை தண்ணிக்குள்ள போனாச் செத்துப்போகும்.”

“தண்ணியில சீவிக்கிறது தண்ணியில சாகுமே? விசர்க் கதை கதையாத.”

எங்கள் இருவரின் வயலுக்கும் ஒரே வாய்க்கால்தான். அவருடையது மேலே, என்னுடையது கீழே. போன சிறுபோகப் பருவத்தில் என் நெல் கருகியபோது, “முதல்ல என்ர நிறையட்டும், பிறகு பார்ப்பம்” என்று வாய்க்காலை மறித்து வைத்தவர் இவர்.

நான் கோப்பையால் தண்ணீரை அள்ளிக் குறைத்தேன்.

போகும்போது, பொரித்தால் தனக்கும் பத்துக் குஞ்சு வேண்டும் என்றார்.

ஒரு பகல் முழுவதும் நனைந்த முட்டை பொரிக்குமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள். பொரிக்காது என்றாலும், அவருக்குப் பத்துக் கொடுக்கத் தேவையில்லை என்று எனக்குப் பாதி ஆறுதல்தான்.