தள்ளுவண்டிக்கு ஓர் அரபு டிராகன்

அக்கா மகன் முருகேசு இன்று தேவராஜ மார்க்கெட் பக்கம் சில்லி சிக்கன் வண்டி திறந்தான். அதற்கு முன்பே, பலகையில் நெருப்புக் கக்கும் டிராகன் வேண்டும், ஷவர்மா கடைகள் மாதிரி அதன் பெயர் அரபியில் வேண்டும் என்றான்.

மூவுலகும் போற்றும் மொழிவல்லுநனான நான், அத்தர் கடை பாயிடம் விசாரித்தேன்.

"டிராகனுக்கு அரபில தின்னீன். பழைய கதைல அது கடல் பாம்பு சார். மேகம் வந்து தூக்கிட்டுப் போகும். கடல்ல தண்ணி சுழன்று தூணா எழும்பினாலும் அதே பேருதான்."

"நெருப்பு?"

"தண்ணிக்குள்ள ஏது சார் நெருப்பு?"

முருகேசு பதறினான். "மாமா, வியாபாரம் படுத்துடும்!"

"அர்த்தம் பிசகக் கூடாதுடா," என்று பெயிண்டருக்கு ஆணையிட்டேன்.

இப்போது பலகையில் மழைமேகம் பாம்பைத் தூக்குகிறது. முதலில் வந்தவர், குடை ரிப்பேர் செய்வீர்களா என்று கன்னடத்தில் கேட்டார்.

நெருப்புக் கக்கும் வேறு மிருகம் தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள். எந்த பாஷையானாலும் சரி.